ஐந்தாம் பெட்டியும் ஒரு நாத்தனாரும்

அந்தப் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், பிணவறைக்கு அடுத்த கதவு சர்வர் அறை. இரண்டில் எது அதிகக் குளிர் என்று பந்தயம் கட்டினால் சர்வர் அறைதான் ஜெயிக்கும். பிணவறை ஊழியர் வெயில் நாட்களில் உள்ளே வந்து ஐந்து நிமிடம் நின்று, "எங்க ஆளுங்க கொடுத்து வைக்கலம்மா, உங்க பெட்டிங்கதான் சுகமா இருக்கு" என்று பெருமூச்சு விட்டுப் போவார். அந்தக் குளிரில் முப்பது வருடம் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவளைத்தான் மருத்துவமனை முழுக்கப் பேப்பரம்மா என்று கூப்பிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அது அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

பேர் வந்த கதை இது. சர்வர் என்று சொல்லப்படும் அந்தப் பெட்டி ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் நகத்தளவில் இன்னொரு குட்டிக் கணினி உண்டு. கம்பெனிக்காரர்கள் அதை மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்பார்கள். அந்த அறையில் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர். பெரிய பெட்டி அணைந்து கிடந்தாலும் வாட்ச்மேன் அணைய மாட்டார். சுவரில் பிளக் இருக்கிற வரைக்கும் விழித்திருப்பார். பெட்டியைத் திறக்க வேண்டாம், தொடக்கூட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். உன் விலாசம் என்ன, எந்த வாசல் வழியாகப் பேசுகிறாய், கரண்ட் போய் வந்தால் என்ன செய்வாய் என்று எது கேட்டாலும் வரிசையாக ஒப்பிப்பார். அப்படிக் கேட்கிற கட்டளையில் 'பிரிண்ட்' என்று ஒரு சொல் வரும். திரையில் காட்டு என்றுதான் அதற்கு அர்த்தம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த சில வருடத்தில் ஒரு கண்காணிப்பாளர் மேற்பார்வைக்கு வந்தார். திரையைப் பார்த்தார். "பிரிண்ட்னு போட்டிருக்கே, பேப்பர் எங்கம்மா?" என்றார்.

"சார், அது சும்மா திரையில காட்டறதுக்கு."

"பிரிண்ட்னு சொன்னா பேப்பர் வரணும். என் காலத்துல அப்படித்தான்."

வாதாடிப் பயனில்லை. அன்றையிலிருந்து அமைப்பில் எதை மாற்றினாலும் வாட்ச்மேனிடம் மறுபடி கேட்டு, வந்த பதிலைக் காகிதத்தில் எடுத்து, பார்த்தவர் அடியில் கையெழுத்துப் போட்டு, பெட்டியின் நெற்றியில் ஒட்ட வேண்டும் என்று சட்டமாகிவிட்டது. அந்தக் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார். காகிதம் மட்டும் போகவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டிப் பதினெட்டுப் பெட்டிகளும் குளிருக்குப் போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிட்டன. மொத்தத்தையும் பிரித்து நீளமாக ஒட்டினால் நிலாவுக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நாத்தனார் சொல்லுவாள்.

நாத்தனார் என்றால் பேப்பரம்மாவின் கணவருக்குத் தங்கை. பெற்றோர் இல்லாத பெண். அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. அண்ணியின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியும் வயது தாண்டியிருந்தது. ஆனாலும் திரிந்தாள். படித்தாள், கல்யாணம் வேண்டாம் என்றாள், அண்ணி வேலை பார்த்த இடத்திலேயே தேர்வு எழுதி வந்து சேர்ந்தாள். இரண்டு மேஜையும் ஒட்டினாற்போல. உலகத்தில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் சமைத்து, ஒரே பேருந்தில் வந்து, ஒரே அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, இன்னும் ஒருத்தரை ஒருத்தர் கழுத்தை நெரிக்காமல் இருந்தது அங்கே மட்டும்தான்.

வாட்ச்மேனுக்கு வெளியே பேச இரண்டு வழி உண்டு. தனக்கென்று தனி வாசல் வைத்துக்கொள்ளலாம், இல்லை பெரிய பெட்டியின் வாசலையே பங்கு போட்டுக்கொள்ளலாம். அமைப்பைப் பார்க்கும்போது நாத்தனார் கேட்பாள்:

"அண்ணி, மூணாம் பெட்டி கூட்டுக்குடும்பமா, தனிக்குடித்தனமா?"

"தனிக்குடித்தனம்."

"பொழைக்கத் தெரிஞ்சவர். நாத்தனார் தொல்லை இல்ல."

"ஏன், நம்ம வீட்டுல தொல்லையா பண்ற? ஒரு வேலையும் பண்ணமாட்டேங்கற, அதான் தொல்லை."

"பாருங்க, இதுக்குத்தான் தனி வாசல் வேணுங்கறது!"

அண்ணன் பேருந்து ஓட்டுநர். முப்பத்தொரு வருடம் ஒரு சின்னக் கீறல்கூட விழாமல் ஓட்டியவர். விடியற்காலையில் வண்டியை எடுக்குமுன் பிரேக், டயர், கண்ணாடி, விளக்கு என்று சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். தோசைக்கல்லைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார் என்பது நாத்தனாரின் புளுகு. பெரும்பாலும் உண்மை. இரண்டு பெண்களையும் ஒரே மாதிரி நேசித்தார். ஒரே மாதிரி திட்டினார். பார்க்காமல் செய்கிறவர்களை மட்டும் அவரால் மன்னிக்க முடியாது.

அந்த வருடம் சர்வர் அறையின் மின்கம்பிகளை மாற்ற ஆள் வந்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் பெட்டிகள் எழுந்து எழுந்து விழுந்தால் உள்ளே கெட்டுப்போகும். கரண்ட் திரும்ப வந்தால் என்ன செய்வது என்பதற்கு வாட்ச்மேனிடம் மூன்று உத்தரவில் ஒன்றைக் கொடுத்து வைக்கலாம். எழுந்திரு, முன்பு எப்படி இருந்தாயோ அப்படியே இரு, படுத்தே கிட. பேப்பரம்மா அந்த வரிசையில் இருந்த ஐந்து பெட்டிகளுக்கும் 'படுத்தே கிட' என்று உத்தரவு போட்டாள். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாக 'எழுந்திரு' என்று திருப்பி வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதற்கு விரல் விசைப்பலகையில் இருந்தபோது தொலைபேசி அடித்தது.

"என் கண்ணாடி எங்கே?" என்றார் ஓட்டுநர்.

"நெத்தியில இருக்கா பாருங்க."

"அட, ஆமா." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வைத்தாள். வைத்த கையோடு பக்கத்து மேஜையைப் பார்த்து, "அஞ்சும் ஆச்சு, ஒட்டிடு" என்றாள்.

அந்த வாரம் காகித முறை நாத்தனாருடையது. ஒவ்வொரு வாட்ச்மேனையும் அவள் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அண்ணி ஆச்சு என்று சொன்ன பிறகு கேட்பானேன் என்று பழைய காகிதத்தை நகல் எடுத்து, தேதி மாற்றி, கையெழுத்துப் போட்டு, ஐந்தையும் ஒட்டிவிட்டாள்.

பதினோரு நாள் கழித்து மதியம் இரண்டே காலுக்குக் கரண்ட் போனது. மாற்று மின்கலமும் கைவிட்டது. திரும்ப வந்தபோது பதினேழு பெட்டிகள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு எழுந்தன. ஐந்தாம் பெட்டி எழவில்லை. அது ரத்த வங்கியின் பெட்டி. நெற்றிக் காகிதம் தானாக எழும் என்று சொன்னது. தானாக எழவேண்டியது எழவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். மூடியைத் திறந்தார்கள், பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார்கள், கம்பெனிக்கு ஆளனுப்பச் சொன்னார்கள். வாட்ச்மேனிடம் ஒரு வரி கேட்டுப் பார்க்க அந்த அமளியில் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து நாத்தனார்தான், "சும்மா ஒரு தடவை அமுக்கித்தான் பாப்போமே" என்று பொத்தானை அமுக்கினாள். பெட்டி ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துகொண்டது.

அந்த இரண்டு மணி நேரத்தில் ரத்த இருப்புக் கணக்கு தெரியாமல் ஓர் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. அந்த நோயாளி மூன்றாம் நாள் இறந்துபோனார். தாமதத்தால்தான் இறந்தார் என்று எந்த மருத்துவரும் எழுதிக்கொடுக்கவில்லை. தாமதத்தால் இல்லை என்றும் ஒருவரும் எழுதிக்கொடுக்கவில்லை. விசாரணைக்கு உத்தரவானது.

விசாரணை நாளன்று காலை பத்து மணிக்குப் புதுக் கண்காணிப்பாளர் பேப்பரம்மாவைக் கூப்பிட்டு, "அஞ்சாம் பெட்டியில இப்ப என்ன செட்டிங் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவள் தன் மேஜைக்கு வந்தாள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினாள். 'படுத்தே கிட' என்றார் வாட்ச்மேன்.

வாட்ச்மேன் அமைப்புகளை மட்டும் வைத்திருப்பவர் அல்ல, பதிவேடும் வைத்திருப்பவர். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்று எழுதுவார். அதற்கு வேறொரு கட்டளை, அந்த அறையில் இருந்த இருவருக்கும்தான் அது தெரியும். அதையும் தட்டினாள். அவளுடைய உள்நுழைவுப் பெயர் இருந்தது. 'படுத்தே கிட' என்று மாற்றிய நேரம் இருந்தது. திருப்பி மாற்றிய வரி இல்லை. அவள் திரையை மூடினாள். ஒரு காகிதம் எடுத்து, தற்போதைய அமைப்பு இன்னது என்று ஒரே ஒரு வரி எழுதி, மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கேட்டது என்ன இருக்கிறது என்று. யார் வைத்தது என்று கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், பொய் சொல்லவில்லை என்று மாடிப்படி இறங்கும்போதே அவள் தனக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

பதினொன்றரைக்குக் கண்காணிப்பாளர் கீழே வந்தார். கையில் ஐந்தாம் பெட்டியின் நெற்றிக் காகிதம்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்" என்றாள் நாத்தனார்.

"பார்த்துட்டுத்தான் போட்டீங்களா?"

"இல்ல சார்."

"ஏன் பார்க்கல?"

நாத்தனார் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி விசைப்பலகையின் இடுக்கில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். இல்லாத தூசி. நாத்தனார் முன்பக்கம் திரும்பி, "வேற காரணம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு சின்ன மருந்தகத்தின் பழைய கோப்பு அறைக்கு அவளை மாற்றினார்கள். இனி கணினியைத் தொடக்கூடாது என்று குறிப்பும் எழுதினார்கள். அமைப்பை மாற்றியதும் அவள்தான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் ஓட்டுநர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தங்கையை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"பிரேக்கைப் பார்க்காம, பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வண்டிய எடுத்திருக்க. உள்ள ஒரு ஆளு இருந்தான். இனிமே என்னை அண்ணன்னு கூப்பிடாத."

நாத்தனார் அப்போதும் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தண்ணீர் எடுத்துவர எழுந்து போனாள். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சொம்பு நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது நாத்தனார் பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். இரண்டாம் நாள் சொல்வதற்கு, முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு மாதத்தில் அது நாற்காலி அளவு ஆனது. ஆறு வருடத்தில் பீரோ அளவுக்கு வளர்ந்து கூடத்தின் நடுவில் நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள், அதன்மேல் இடித்துக்கொண்டாள், தூசிகூடத் துடைத்தாள் என்று சொல்லலாம். ஓட்டுநர் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை. ஓய்வு பெற்றுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தங்கையின் பேச்சு வந்தால் பக்கத்தைத் திருப்புவார்.

ஆறாம் வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. மனைவி வேலை பார்க்கிற மருத்துவமனையிலேயே, மூன்றாம் மாடியில் ஜன்னலோரக் கட்டில். பேச்சு குழறினாலும் புரிந்தது. பேப்பரம்மா அன்றே நாத்தனாருக்குத் தொலைபேசி செய்தாள்.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்ல. வந்துடு."

"எப்படி இருக்காரு?"

"பேசறாரு. தப்பிச்சுட்டாருன்னு டாக்டர் சொல்றாரு. நீ வா."

"அண்ணன்னு கூப்பிடாதன்னு சொன்னவரு அவரு. அவரா கூப்பிடட்டும் அண்ணி, அடுத்த பஸ்ஸுல வர்றேன். அவரு கூப்பிடாம வந்து நின்னு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருன்னா அதை என்னால தாங்க முடியாது."

அவர் கூப்பிட வேண்டுமென்றால் அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். மதிய இடைவேளையில் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறுவாள். லிஃப்டில் ஏறும்போது வாக்கியம் தயாராக இருக்கும். கட்டிலருகே உட்கார்ந்ததும், "கஞ்சி குடிச்சீங்களா?" என்று வரும். ஒரு நாள், "உங்க தங்கச்சி..." என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் மெல்லத் திருப்பினார். அவள் தலையணையைச் சரிசெய்தாள். இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் கீழே ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய பெட்டிகள் ஆறு கழிவுக்குப் போகின்றன. நாளைக்குள் அவற்றின் கன்ட்ரோலர்களில் உள்ளதை எல்லாம் துடைத்துவிட வேண்டும். ஐந்தாம் பெட்டியும் அதில் ஒன்று. ஏற்கெனவே கழற்றிப் பின்கட்டுக் கிடங்கில் போட்டாயிற்று.

அதைப் படித்ததும் அவளுக்கு வழி கிடைத்துவிட்டது. வெறும் வாயால் சொன்னால் அவர் நம்புவாரா? தங்கைமேல் இரக்கப்பட்டு மனைவி பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டால்? பார்த்துவிட்டுச் சொல்கிறவரை மட்டும் நம்புகிற மனிதர் அவர். பதிவேட்டைக் காகிதத்தில் எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். முப்பது வருடம் எதையும் ஒரு தடவை கேட்டுப் பார்த்து, காகிதத்தில் எடுத்துப் பழகிய மனசுக்கு இது ரொம்பச் சரியாகப் பட்டது. அன்று மதியம் அவள் மாடிக்குப் போகவில்லை. கிடங்குக்குப் போனாள்.

கிடங்கில் உடைந்த கட்டில்களும் சக்கரம் போன தள்ளுவண்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஐந்தாம் பெட்டி அடியில் இருந்தது. மேலே இருந்த ஐந்தையும் தனியாளாக இறக்கினாள். ஐம்பத்தாறு வயது முதுகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் போட்டது. பொருத்தமான மின்கம்பி கிடைக்க அரை மணி நேரம். வேலை செய்கிற பிளக் கிடைக்க இன்னொரு கால் மணி. செருகியதும் பெட்டியின் பின்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு சிமிட்டியது. பெரிய பெட்டி செத்துக் கிடந்தது, வாட்ச்மேன் எழுந்துவிட்டார். மடிக்கணினியைக் கம்பியில் கோத்து, விலாசம் கேட்டு, பழைய கடவுச்சொல் எது என்று நினைவுபடுத்தி மூன்று தடவை தப்பாகப் போட்டாள். பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் காத்திரு என்றார் வாட்ச்மேன். தலைகீழாகக் கவிழ்ந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்து காத்திருந்தாள். நாலாவது தடவை கதவு திறந்தது.

முதலில் அமைப்புகளைக் காட்டச் சொன்னாள். பிறகு பதிவேட்டை. ஆறு வருடத்து வரிகள் ஓடின. துடைபட்டிருக்குமோ என்ற பயத்தோடு பின்னால் பின்னால் போனாள். இருந்தது. அவள் பெயர், நேரம், 'படுத்தே கிட'. எல்லாம் அப்படியே.

ஆனால் பதிவேடு அதோடு நிற்கவில்லை. வாட்ச்மேன் மாற்றியவர்களை மட்டும் எழுதுகிறவர் இல்லை, வந்து எட்டிப் பார்த்தவர்களையும் எழுதுகிறவர். விசாரணை நடந்த தேதியில் இரண்டு வரி இருந்தது. பத்து மணி பன்னிரண்டு நிமிடம், அவள் பெயர், உள்ளே வந்தார், பதிவேட்டைப் பார்த்தார். அதற்கு அடுத்த வரி பத்து மணி இருபத்தைந்து நிமிடம். நாத்தனாரின் பெயர். உள்ளே வந்தார், பதிவேட்டைப் பார்த்தார்.

அவள் அந்த வரியைப் பார்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். கண்காணிப்பாளர் பதினொன்றரைக்குத்தான் கீழே வந்தார். அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நாத்தனாருக்கு எல்லாம் தெரியும். அண்ணிதான் மாற்றினாள் என்று தெரியும். அண்ணிக்கும் அது தெரியும் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான், ஏன் பார்க்கவில்லை என்று கேட்டபோது திரும்பிப் பார்த்தாள். தட்டின் முன்னாலும் பார்த்தாள். இரண்டு தடவையும் அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் பதில் வரவில்லை.

வாளிமேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கூடவே கொண்டுபோயிருந்த சின்னப் பிரிண்டரில் அந்த வரிகளைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு கிடங்கை விட்டு வெளியே வந்தபோது மணி நாலே முக்கால். தொலைபேசியில் மூன்றாம் மாடிச் செவிலியின் அழைப்பு பதினோரு தடவை வந்து போயிருந்தது. கிடங்குக்குள் அலைவரிசை எட்டாது.

"மூணு மணிக்கு மறுபடி அட்டாக் வந்துச்சும்மா" என்றாள் செவிலி. "தீவிர சிகிச்சைக்கு மாத்திட்டோம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி உங்களைத்தான் கேட்டாரு. இன்னிக்கு ஏன் வரலன்னு."

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நிமிடம்தான் விட்டார்கள். வாயிலும் மூக்கிலும் குழாய். "என்னங்க" என்றாள். வெளியே வந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். "அவர் கூப்பிடல. நான் கூப்பிடறேன். வந்துடு" என்றாள். "ராத்திரி ஒரு மணிக்குத்தான் பஸ்ஸு, வர்றேன்" என்று நாத்தனார் வைத்துவிட்டாள்.

நாத்தனார் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது. அண்ணன் ஆறு மணிக்கே போயிருந்தார். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு சின்ன அறையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஆறு வருடத்தில் நாத்தனாருக்கு முன்தலை நரைத்திருந்தது. தோளில் ஒரே ஒரு பை. வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். அண்ணியைப் பார்க்கவில்லை.

"என்னைக் கூப்பிட்டாரா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு மீதிக் காலத்தைத் தள்ளிவிடுவாள். பேப்பரம்மாவின் வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல" என்றாள். "கூப்பிடல. அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஒன்பது நாள் நல்லா பேசிக்கிட்டு இருந்தாரு, ஒன்பது நாளும் நான் சொல்லல. நேத்து சொல்லணும்னுதான் இதை எடுக்கப் போனேன். நான் கீழ இதைப் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துலதான் அவருக்கு வந்துச்சு." காகிதத்தை நீட்டினாள். "நீ பாத்ததும் இதுல இருக்கு."

நாத்தனார் காகிதத்தை வாங்கினாள். படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இருந்தாலும் படித்தாள்.

"ஏன்டீ சொல்லல?" என்றாள் அண்ணி. "உன் கையில இருந்துச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"நான் சொன்னா காட்டிக்கொடுத்தது. நீங்க சொன்னா ஒத்துக்கிட்டது." நாத்தனார் நிதானமாகத்தான் பேசினாள். "நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கே சொல்வீங்கன்னு நெனச்சேன். அப்புறம் அந்த வாரம், அந்த வருஷம். பஸ் ஸ்டாண்டுல பையை வெச்சுக்கிட்டு ரெண்டு பஸ்ஸை விட்டேன், ஓடி வருவீங்கன்னு."

உள்ளே போனாள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்காராமல் குனிந்து, துணியை முகத்திலிருந்து விலக்கி, காதருகே காகிதத்தைப் பிடித்தாள். சர்வர் அறையில் வரி வரியாகப் படித்து ஒப்பிடுகிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணே, கேட்டுக்கோ. அஞ்சாம் பெட்டி. தேதி இது. நேரம் பதினொண்ணு நாப்பத்திரண்டு. மாத்தினது, கரண்ட் வந்தா என்ன செய்யணும்ங்கற அமைப்பு. மாத்தினவங்க..." அண்ணியின் உள்நுழைவுப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். "அதுக்கப்புறம் பதினோரு நாள் எந்த மாற்றமும் இல்ல. நான் மாத்தல அண்ணே. பார்க்காம கையெழுத்துப் போட்டேன், அது தப்புதான். அது மட்டும்தான் என் தப்பு."

அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். பத்து மணி பன்னிரண்டு நிமிடம். காகிதத்தை மடிக்கப் போனாள்.

"அதைக் கொடு" என்றாள் பேப்பரம்மா. "அதை நான் படிக்கணும்."

வாங்கிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றாள். கண்ணாடி இல்லாமல் எழுத்து அலைந்தது. தேதியைப் படித்தாள். நேரத்தைப் படித்தாள். தன் பெயரைப் படித்தாள். "உள்ளே வந்தேன். பார்த்தேன்" என்றாள். காகிதத்தில் வந்தார், பார்த்தார் என்றுதான் இருந்தது. "பார்த்துட்டு மூடிட்டேங்க" என்று காகிதத்தில் இல்லாததையும் சொன்னாள். அந்த முகம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தள்ளுவண்டியும், ஒரு அட்டையில் செருகிய படிவமும், அதைப் பிடித்த ஊழியர் ஒருவரும் உள்ளே வந்தார்கள். அவர் வேறு கட்டடத்துக்காரர், இருவரையும் தெரியாது.

"கையெழுத்துப் போடணும். நீங்க இவருக்கு என்ன உறவும்மா?"

"தங்கச்சி" என்றாள் நாத்தனார்.

அவர் எழுதிக்கொண்டார். பேனாவால் கட்டிலின் மறுபக்கத்தைக் காட்டினார். "இவங்க உங்களுக்கு?"

நாத்தனார் அண்ணன் முகத்தின்மேல் துணியைத் திரும்ப இழுத்துவிட்டாள். ஓரத்தை நீவினாள்.

"அவரோட சம்சாரம்" என்றாள்.